தொட்டியில் போன படிகம்

சோடா அண்ணன் நிறுவனத்துக்குத் தர வேண்டிய கடன் எண்பத்தேழாயிரத்து நானூற்றுப் பதினாறு. அதோடு ஐம்பது காசு.

அந்த ஐம்பது காசு எதற்கென்று அவர் கேட்டார். செம்பு உப்புக்கு என்றார் கணக்கதிகாரி. அப்போ மிச்சமெல்லாம்?

"மிச்சமெல்லாம் யோசனைக்கு."

யோசித்தவர் நைட்ரஜன் பேராசிரியர். அவர் ஒரு மணி நேரம் யோசித்தால் இவ்வளவு என்று நிறுவனத்தில் ஒரு விகிதம் உண்டு. மதிப்பீட்டுக் குழு அதை வைத்துப் பெருக்கியிருந்தது. குளிக்கும்போது யோசித்ததைச் சேர்க்கலாமா என்று குழுவில் ஒரு அம்மாள் சந்தேகம் கேட்டிருக்கிறார். நல்ல யோசனையெல்லாம் அங்கேதான் வந்தது என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார். ஆகவே சேர்த்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை யோசனைக்கு இரட்டைக் கூலி.

"இதுல என் கூலி ஏதாவது இருக்கா சார்? அந்தப் பீக்கரை மொதல்ல கழுவிக் குடுத்ததும் நான்தானே."

கணக்கதிகாரி கெட்டவர் இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "அது கழுவுறது. இது யோசனை. ரெண்டையும் ஒரே பத்தியில போட்டா கணக்கு குழம்பிடும்."

கணக்கு குழம்பிவிடக் கூடாது என்பதில் சோடா அண்ணனுக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அந்த நிறுவனம் அணைவுகளைப் பற்றி ஆராய்கிறது. ஒரு உலோகத்தை நடுவில் நிறுத்தினால், நைட்ரஜனோ ஆக்சிஜனோ உள்ள பொருள்கள் வந்து அதைச் சுற்றிலும் பிடித்துக்கொண்டு நிற்கும். மொத்தத்துக்கும் அணைவு என்று பேர். சுற்றி நிற்பவற்றுக்கு ஈனி என்று பேர். எது எதை எந்தப் பக்கத்தில் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காக நான்கு மாடிகளிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நைட்ரஜன்தான் பிடிக்கிறது என்று சொல்பவர் மூன்றாம் மாடி. ஆக்சிஜன்தான் என்று சொல்பவர் இரண்டாம் மாடி. இருவரும் மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார், ஒருவர் சுவரைப் பார்த்துக்கொள்வார். லிஃப்ட் வைத்த பிறகு அதுவும் நின்றது.

சோடா அண்ணனுக்குத் தெரிந்ததெல்லாம் அடியில் ஒட்டுகிற கறை. மூன்றாம் மாடியின் கடைசியில், ஜன்னல் இல்லாத அறையில், ஈயம் பூசிய ஒரு தொட்டி. அதன் முன்னால் முப்பத்தோரு வருஷம் நின்றிருக்கிறார். சலவைச் சோடாவின் வாடை சட்டையை விட்டுப் போவதில்லை, அதனால் அந்தப் பேர். வருகைப் பதிவேட்டில் வேறு பேர் இருந்தது. அதை உரக்கச் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் அவர் மனைவி. அவள் போய் இரண்டு வருஷம்.

நடந்தது இவ்வளவுதான். மூன்றாம் மாடியில் ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி செம்பையும் மஞ்சளாக ஒரு ஈனியையும் சேர்த்துக் கரைத்து, பீக்கரின் வாயைத் தாளால் மூடி, தாளில் ஊசியால் துளை போட்டாள். திரவம் மெல்ல மெல்ல ஆவியாகி அடியில் படிகம் வளர வேண்டும். அதுவரை அசையக் கூடாது. அசையாத இடம் என்றால் அங்கே ஜன்னல் திட்டுதான். ஜன்னல் திட்டில் எதை வைப்பதானாலும் அசைவின்மைக் குழுவின் அனுமதி வேண்டும். அசைவின்மைக் குழு அந்தப் பேருக்கேற்ற குழு. அவள் விண்ணப்பம் கொடுத்தாள், காத்திருந்தாள், படிகம் காத்திருக்கவில்லை. அடியில் பளபளவென்று ஏதோ வர ஆரம்பித்ததும் பீக்கரை எடுத்துக்கொண்டு இடம் தேடினாள். கதவு சாத்துகிற அதிர்வு வராத ஒரே மூலை சோடா அண்ணனின் தொட்டிப் பக்கம்தான். அங்கே வைத்துவிட்டு, 'தொடாதீர்' என்று ஒட்டுவதற்குச் சீட்டு வாங்கப் பண்டக சாலைக்குப் போனாள். சீட்டு கொடுக்கிறவர் சீட்டுக்கான சீட்டு கேட்டார்.

இந்த இடைவெளியில் சோடா அண்ணன் வந்தார். தொட்டிப் பக்கம் ஒரு பீக்கர், அடியில் கறை. முப்பத்தோரு வருஷமாகத் தொட்டிப் பக்கம் வைக்கிற எல்லாப் பீக்கரும் கழுவத்தான் வந்தன. சோடாவில் ஊற வைத்தார், போகவில்லை. பிரஷ் போட்டுத் தேய்த்தார், பாதி போயிற்று. கொஞ்சம் அமிலம் விட்டதும் நிறம் முழுக்க வெளுத்துவிட்டது. வடிநீரில் அலசிக் கவிழ்த்து வைத்தார்.

அவள் சீட்டோடு வந்து நின்றாள்.

"அண்ணே, இதுல ஒண்ணு இருந்துச்சே."

"இருந்துச்சும்மா. சனியன், லேசுல போகல. நல்லா தேய்ச்சு விட்டுட்டேன்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். பிறகு அதை எங்கேயாவது ஒட்ட வேண்டும் போலிருந்ததோ என்னவோ, தன் நோட்டின் மேல் ஒட்டினாள். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"விடுங்கண்ணே. தப்பு என் மேலதான். மறுபடி வெச்சா வந்துடும்."

விஷயம் அவர்கள் இருவரோடு நின்றிருந்தால் மறுபடி வைத்திருப்பாள், வந்துமிருக்கும். ஆனால் நிறுவனத்தில் ஒரு விஷயம் இருவரோடு நிற்பதற்கு விதியில் இடமில்லை.

அந்த மாதக் கடைசியில் சோடா அண்ணன் ஓய்வு பெற வேண்டியவர். ஓய்வு என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து தொட்டிப் பக்கம் போய்விடுவார். அவர் இருந்தது ஒற்றை அறை. கட்டில், அடுப்பு, ஒரு தட்டு, ஒரு டம்ளர். காலையில் டம்ளரை எங்கே வைத்துவிட்டுப் போனாரோ சாயங்காலம் அங்கேயே இருக்கும். செருப்பு விட்டது விட்டபடி இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறையில் அவர் ஒருவர்தான் நகருகிற பொருள். அசைவின்மைக் குழு வந்து பார்த்தால் அந்த அறைக்கு உடனே அனுமதி கொடுத்துவிடும். ஒரே மகள் கல்யாணமாகித் தொலைதூரத்தில் இருந்தாள். வாரம் ஒருமுறை போனில் சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பார். நீ? என்பார். சாப்பிட்டேன் என்பாள். அதற்குள் அந்தப் பக்கம் பிள்ளை அழும்.

ஓய்வு நாளன்று கணக்கதிகாரி கூப்பிட்டு நிலைமையை விளக்கினார்.

"கடன் தீராம உங்களை விடுவிக்க முடியாது."

"என் ஓய்வுப் பணத்துல புடிச்சுக்குங்க சார்."

"விடுவிச்சாத்தான் ஓய்வுப் பணம். கடன் தீர்ந்தாத்தான் விடுவிப்பு. பணம் வந்தாத்தான் கடன் தீரும்." விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். போட்டு முடித்ததும் அது எங்கே ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாமல் போய், மறுபடி ஒருதரம் போட்டார்.

"அப்போ சம்பளம்?"

"வயசு முடிஞ்சுபோச்சே. சம்பளம் எப்படி வரும்?"

"நாளைக்கு நான் வரலாமா சார்?"

"வரணும். வராம இருந்தா தலைமறைவுன்னு எழுத வேண்டியிருக்கும்."

சோடா அண்ணன் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்த்தவர்கள் பாவம், மனுஷன் இடிந்துபோய்விட்டார் என்று நினைத்தார்கள். அன்றைக்கு அவர் படுத்ததும் தூங்கிவிட்டார். மனைவி போன பிறகு அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை.

மறுவாரம் விசாரணை ஆரம்பமாயிற்று. பெரிய கூடத்தில் நீள மேசை. கடன்காரர் என்ற முறையில் அவருக்கு முதுகு சாய்கிற நாற்காலி போட்டார்கள். டீயை டம்ளரில் கொடுக்காமல் கோப்பையில், தட்டு வைத்துக் கொடுத்தார்கள். அதுவரை 'ஏய் சோடா, இதை எடுத்துட்டுப் போ' என்றிருந்த நைட்ரஜன் பேராசிரியர், 'நீங்க உட்காருங்க' என்றார். சோடா அண்ணன் பின்னால் திரும்பி யாரைச் சொல்கிறார் என்று பார்த்தார்.

இயக்குநர் துவக்கவுரை ஆற்றினார்.

"நம்ம நிறுவனமே ஒரு அணைவு. நடுவுல உலோகம், அதாவது நான். சுத்தி ஈனிகள், அதாவது நீங்க. ஈனி என்ன செய்யும்? தன்கிட்ட இருக்கிற எலக்ட்ரான் ஜோடியைக் கொடுக்கும். உலோகம் என்ன செய்யும்? வாங்கிக்கும். கொடுத்த ஈனி எதுவும் புகார் பண்ணினதா எந்தப் பாடப் புத்தகத்திலயும் இல்ல. அதுக்குப் பேருதான் ஒழுங்கு."

"சில உலோகம் திருப்பியும் கொடுக்கும்" என்று ஆக்சிஜன் பேராசிரியர் வாய்க்குள் சொன்னார்.

"அது வேற நிறுவனம்" என்றார் இயக்குநர். "நான் யாரையும் கூப்பிட்டதில்ல. அவங்களா வந்து நிக்கிறாங்க. என்னைச் சுத்தி ஆறு இடம்தான். ஆறுக்கு மேல ஆள் வந்தா நான் என்ன பண்ண முடியும்? நான் வெறும் உலோகம்."

கைதட்டினார்கள். ஆறில் ஓர் இடம் காலியாகப் போகிறது என்று பேச்சிருந்ததால் சிலர் கூடுதலாகத் தட்டினார்கள்.

சோடா அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணிடம் குனிந்து கேட்டார். "இதுல நான் எங்கம்மா வர்றேன்?"

அவள் யோசித்தாள். அவளுடைய யோசனைக்கு விகிதம் கிடையாது. "நீங்க தண்ணிண்ணே. எடம் இருந்தா உள்ள வந்து ஒட்டிக்கும். கொஞ்சம் சூடு காட்டினா போயிடும்."

"நீ?"

"நானும்தான்."

விசாரணையில் முதல் பிரச்சினை, படிகம் என்று ஒன்று இருந்ததா என்பது. அது இருந்ததற்கு ஒரே சாட்சியம் அதைக் கழுவிவிட்டார்கள் என்பது. ஆகவே அதைக் கழுவியவர்தான் அதைப் பற்றிச் சொல்லக்கூடியவர் என்று தீர்மானமாயிற்று. அடுத்தது நிறம். நல்ல நீலம் என்றால் நைட்ரஜன் பிடித்திருக்கிறது, பச்சை என்றால் ஆக்சிஜன் பிடித்திருக்கிறது என்று அந்த இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

நைட்ரஜன் பேராசிரியர் அவரைத் தன் அறைக்கு அழைத்தார். பிஸ்கட் வைத்தார். நிற அட்டைகளை வரிசையாகப் பரப்பினார்.

"அவசரமே இல்ல. நிதானமா சொல்லுங்க. நீலம்தானே?"

அப்படிக் கனிவாக யாராவது கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. "நீலம்தான் சார்."

"தேய்க்கும்போது சுலபமா வந்துச்சா?"

"இல்ல சார். தோள்பட்டை வலிச்சுது."

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். "நைட்ரஜன். பிடிச்சா விடாது. எங்க அப்பா மாதிரி." பிறகு, கண்ணைத் திறக்காமலே, "அவர் என்னைப் படிக்கவே வேண்டாம்னார்" என்றார். சோடா அண்ணன் இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டு, அதற்கென்ன, அந்தக் காலத்து ஆட்கள் அப்படித்தான் என்றார். இருவரும் சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தார்கள். அதாவது பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆக்சிஜன் பேராசிரியர் கூப்பிட்டார். அவர் அறை நாற்காலிக்குக் கையும் இருந்தது.

"அவன்கிட்ட என்ன சொன்னீங்கன்னு நான் கேட்க மாட்டேன். உண்மையை மட்டும் சொல்லுங்க. என்ன நிறம்?"

சோடா அண்ணன் வாயைத் திறந்தார். நீலம் என்று சொன்னால் இரண்டு பேரிடமும் ஒரே வாக்குமூலம். வழக்கு முடிந்தது. நாளைக்குக் கோப்பை கிடையாது, நாற்காலி கிடையாது. அதற்கு மறுநாள் இங்கே வருவதே கிடையாது. அறையில் கவிழ்த்து வைத்திருக்கிற டம்ளர் கண் முன்னால் வந்து நின்றது.

"பச்சை சார்."

ஆக்சிஜன் பேராசிரியர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சோடாவில் வெந்துபோன கை அது. அதைப் பிடித்ததும் அவருக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் பச்சைக்காகப் பொறுத்துக்கொண்டார்.

அதன் பிறகு கட்டடமே சுறுசுறுப்பானது. முரண்பாட்டுக் குழு அமைந்தது. கழுவியதை மறுபடி நடத்திக் காட்டச் சொன்னார்கள். வெறும் பீக்கரை வைத்துக்கொண்டு அவர் கழுவினார். அவர்கள் சுற்றி நின்று வீடியோ எடுத்தார்கள். இடப்பக்கமாகத் தேய்த்தீர்களா, வலப்பக்கமாகவா என்று கேட்டார்கள். அவருக்கு நினைவில்லை. மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டி, இயல்பாகக் கழுவுங்கள் என்றார்கள். முப்பத்தோரு வருஷம் இயல்பாகக் கழுவியவருக்கு அன்றைக்குப் பார்த்துப் பிரஷ் கைநழுவியது. அதையும் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு தொட்டிக்கு அடியில் வளைந்திருக்கும் குழாயை வெட்டிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. படிகத்தின் எச்சம் ஏதாவது தங்கியிருக்கலாம். குழாய்க்காரர் வந்து அறுத்தார். உள்ளே கறுப்பும் பச்சையுமாகக் கைப்பிடிச் சேறு. ஆராய்ந்து பார்த்ததில் அதில் செம்பு இருந்தது, நிக்கல் இருந்தது, கோபால்ட் இருந்தது, நைட்ரஜன் ஈனியும் ஆக்சிஜன் ஈனியும் இருந்தன. நிறுவனத்தின் இத்தனை வருஷத்து ஆராய்ச்சியும் அங்கே பத்திரமாக இருந்தது. இயக்குநர் நேரில் வந்து பார்த்து, இதைத் தூக்கிப் போடக் கூடாது, கண்ணாடிப் பெட்டியில் வைத்து வரவேற்பறையில் காட்சிக்கு வையுங்கள் என்றார். வைத்தார்கள். வந்து போகிறவர்கள் அதன் முன் நின்று மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மகள் போனில் இதையெல்லாம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "இருங்கப்பா, அவரையும் கூப்பிடறேன், அந்தச் சேறு கதையை மறுபடி சொல்லுங்க" என்று மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். சோடா அண்ணன் மறுபடி சொன்னார். பேச்சு நடுவில் பிள்ளை அழுதபோது, மாப்பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்று கேட்டார். மனைவி இருந்த காலத்தில்கூட அவர் இவ்வளவு பேசியதில்லை.

ஆனால் மகளுக்கு உள்ளூரக் கவலை. ஒருநாள் வங்கியில் பணம் போட்டுவிட்டுச் சொன்னாள். "முழுத் தொகையும் போட்டிருக்கேன்ப்பா. நாங்க சேத்து வெச்சதுதான். கட்டித் தொலைச்சுட்டு நிம்மதியா இருங்க."

"கட்டிடறேன்ம்மா."

அடுத்த வாரம் கேட்டாள். கவுண்டர் மூடியிருந்தது என்றார். அதற்கடுத்த வாரம் கேட்டாள். ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிட்டது என்றார். நிறுவனத்தைப் பற்றி அவர் சொல்லியிருந்த கதைகளுக்கு இது ரொம்பச் சாதாரணமாக இருந்ததால் அவள் நம்பிவிட்டாள்.

அந்த ஆராய்ச்சிப் பெண் மட்டும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தாள். ஒருநாள் தொட்டி அறைக்கு வந்து, அறுத்த குழாய்க்கு அடியில் வைத்திருந்த வாளியை வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"ஏம்மா, சாப்டியா?"

"உதவித்தொகையை நிறுத்திட்டாங்கண்ணே."

"ஏன்?"

"ஆய்வு முடியலையாம்."

"நீதான் மறுபடி வெச்சா வந்துடும்னியே. வெச்சுடேன்."

"விட மாட்டேங்கறாங்க. மறுபடி செஞ்சா அது சாட்சியத்துல கை வெக்கிற மாதிரியாம். என் மேசைக்குப் பூட்டு போட்டாச்சு. செம்பு உப்பு டப்பாவுக்கும் தனியா முத்திரை." அவள் சிரிக்கப் பார்த்தாள். "விடுதியில ரூம் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அம்மாகிட்ட சொல்லல. சொன்னா, வா, வந்து கல்யாணம் பண்ணிக்கோன்னு நிப்பாங்க. விசாரணை முடிஞ்சாத்தாண்ணே எனக்கு விடிவு."

சோடா அண்ணன் பிரஷ்ஷை எடுத்தார், வைத்தார். கழுவ எதுவும் இல்லை. தன்னைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கிறது என்று இத்தனை நாள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்துக்கு அடியில் இவள் நசுங்கிக்கொண்டிருந்தது கண்ணில் படவில்லை.

மறுநாள் காலையில் வங்கிக்குப் போய், மகள் போட்ட பணத்தை எடுத்துக்கொண்டு கணக்கதிகாரி முன்னால் போய் நின்றார். மடியில் பணக்கட்டு கனத்தது.

"கட்டிடறேன் சார். முழுசா. ஐம்பது காசும் சில்லறையா இருக்கு."

கணக்கதிகாரி பதறிப்போனார். "உள்ள வைங்க, உள்ள வைங்க. யாராவது பாத்துடப் போறாங்க. தொகை விசாரணையில இருக்கு. இப்ப நான் கை நீட்டி வாங்கினா, படிகம் இருந்துச்சுன்னு நிறுவனம் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நீலமா பச்சையான்னு தெரியாம எந்தப் பத்தியில வரவு வைக்கிறது?"

"அப்போ கடனைக் கட்டவே முடியாதா சார்?"

"கட்டாம இருக்கவும் முடியாது. கட்டவும் முடியாது. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, வந்துக்கிட்டே இருங்க."

வந்துகொண்டே இருக்கலாம் என்று கேட்டதும் மனசுக்குள் ஒரு மூலை குளிர்ந்ததை அவர் கவனித்தார். அதற்காக வெட்கப்பட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே டீ குடித்தார்.

இறுதி அமர்வு என்று சொல்லப்பட்ட ஐந்தாவது இறுதி அமர்வில் இரண்டு பேராசிரியர்களையும் எதிரெதிராக உட்கார வைத்து, நடுவில் சோடா அண்ணனை உட்கார வைத்தார்கள். முரண்பாட்டுக் குழுத் தலைவர் இரண்டு வாக்குமூலங்களையும் படித்தார்.

"இவர்கிட்ட நீலம்னு சொல்லியிருக்கீங்க. அவர்கிட்ட பச்சைன்னு சொல்லியிருக்கீங்க. ரெண்டுல எது?"

இதில் எதைச் சொன்னாலும் வழக்கு நடக்கும். நீலம் என்றால் இரண்டாம் மாடி மேல்முறையீடு செய்யும். பச்சை என்றால் மூன்றாம் மாடி செய்யும். எனக்கு நினைவில்லை என்றால் நினைவைச் சோதிக்க ஒரு குழு வரும். அவருடைய நாற்காலிக்கு இன்னும் ஒரு வருஷம் பயமில்லை. சுவரோரம் அந்தப் பெண் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். விடுதியிலிருந்து நேரே வந்திருக்கிறாள் போல. பெட்டியின் ஒரு பூட்டு வேலை செய்யாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

சோடா அண்ணன் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"ரெண்டும்தான் சார். இப்படிச் சாய்ச்சா நீலமா இருந்துச்சு. அப்படிச் சாய்ச்சா பச்சையா இருந்துச்சு. நான்தான் அவருக்கு ஒண்ணும் இவருக்கு ஒண்ணுமா சொல்லிட்டேன்."

இயக்குநர் இரண்டு பக்கமும் பார்த்தார். ஆண்டறிக்கை அச்சுக்குப் போக வேண்டிய நேரம். அதில் சாதனைகள் என்ற பக்கம் காலியாக இருந்தது எல்லோருக்கும் தெரியும்.

"ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கு" என்றார் இயக்குநர். "ஒரு கை நைட்ரஜன். ஒரு கை ஆக்சிஜன். இதை நான் ஆரம்பத்திலேயே சொன்னேன்."

அவர் ஆரம்பத்தில் அப்படிச் சொன்னதாக உடனே பலருக்கு நினைவு வந்தது. நைட்ரஜன் பேராசிரியர் எழுந்தார். ஆக்சிஜன் பேராசிரியரும் எழுந்தார். இருவரும் கட்டிக்கொண்டார்கள். யார் பேர் முதலில் போடுவது என்று காதோடு காதாகப் பேசிக்கொண்டதைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது உணர்ச்சிமயமாக இருந்தது. மேசைப் பூட்டைத் திறந்தார்கள். செம்பு டப்பாவின் முத்திரையை உடைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு உதவித்தொகையும் அறையும் திரும்பக் கிடைத்தன. அவள் சோடா அண்ணனிடம் ஓடி வந்து, "ரொம்ப தேங்க்ஸ்ணே, அப்புறமா வரேன், கரைசல் வெக்கணும்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அவளுக்கு நிஜமாகவே நிறைய வேலை இருந்தது.

கட்டுரை வெளியானதற்கு விழா எடுத்தார்கள். இயக்குநர் தன்னைச் சுற்றியிருந்த ஆறு பேருக்கும் நன்றி சொன்னார். தொட்டிப் பிரிவின் ஒத்துழைப்புக்கும் ஒரு வரி இருந்தது. கடைசி வரிசையில் நின்றிருந்த சோடா அண்ணனின் தோளைத் தட்டியபடி நைட்ரஜன் பேராசிரியர் கடந்து போனார். "என்ன சோடா, சந்தோஷமா உனக்கு?"

அடுத்த நாள் கணக்கதிகாரி கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் மலர்ச்சி.

"உட்காருங்க. நல்ல சேதி. படிகம் இப்ப கட்டுரையில இருக்கு. படம் போட்டு, பேர் போட்டு, பக்க எண்ணோட இருக்கு. அச்சுல இருக்கிற பொருளைத் தொலைஞ்சுபோச்சுன்னு நிறுவனம் சொல்ல முடியாது. தொலையாத பொருளுக்கு இழப்பீடு வாங்க முடியாது. மொத்தத்தையும் தள்ளுபடி பண்ணிட்டோம்."

"மொத்தமுமா சார்?"

"மொத்தமும். என் பணிக்காலத்துல இப்படி ஒரு தள்ளுபடி நடந்ததில்ல. யோசனையைக்கூட விட்டுக் குடுத்துட்டாங்க."

சோடா அண்ணன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தச் செம்பு உப்பு ஐம்பது காசு மட்டும் பாக்கி இருக்கட்டுமா சார்? நான் அப்பப்ப வந்து கொஞ்சம் கொஞ்சமா கட்டிடறேன்."

"ஐம்பது காசைக் கொஞ்சம் கொஞ்சமாவா?"

"இல்ல, சும்மா ஒரு இது."

கணக்கதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். அந்த மாதத்தில் யாரும் யாரையும் அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்கள்.

"பாக்கி வைக்கணும்னா ஒரு தலைப்பு வேணும். எதுக்குன்னு எழுதறது?"

"வந்து போறதுக்குன்னு எழுதிக்கங்க."

அவர் பேரேட்டைத் திறந்து நிஜமாகவே தேடிப் பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொரு தலைப்பாக இறங்கினார். அமிலம், கண்ணாடி, பயணம், மரியாதைச் செலவு, இதர.

"இதரவுல போடலாம்னா, அது மேலதிகாரிகளுக்கு மட்டும்." புத்தகத்தை மூடினார். "அப்படி ஒண்ணு நம்மகிட்ட இல்லண்ணே."

முத்திரையை மையில் தொட்டுக் காகிதத்தில் குத்தினார். தள்ளுபடி என்று விழுந்தது. ஈரம் காயும் வரை ஊதிவிட்டு இரண்டாக மடித்து நீட்டினார்.

"இனி நீங்க எங்களுக்கு எதுவும் தர வேண்டியதில்ல. உங்க ஓய்வுப் பணம் நேரா வங்கிக்கே போயிடும்." கையெழுத்துக்கு வேறு யாரோ வாசலில் வந்து நின்றிருந்தார்கள். அவர்களை உள்ளே வரும்படி தலையசைத்துக்கொண்டே, அக்கறையாகத்தான் சொன்னார். "அதுக்காகக்கூட நீங்க இவ்வளவு தூரம் வர வேண்டாம்."